அப்பாவுக்கு ப்ராஸ்டேட், எனக்கு முடி: டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் என்சைமும் மூலிகை மாத்திரைகளும்

#1 வெற்றிலைக்கொடி

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தவன். முதல் தடவையாக எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், வேலை பெங்களூரில். நெற்றியின் இரண்டு ஓரத்திலும் முடி ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு 64. ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை ஒன்றுக்கு எழுந்து போகிறார். போனாலும் உடனே வருவதில்லை, வெகுநேரம் நிற்கிறார். பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணி எண்ணியே அம்மாவுக்கும் தூக்கம் போய்விட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்டா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் முடிக்காக ஆன்லைனில் சா பால்மெட்டோ என்ற மூலிகை கேப்ஸ்யூல் வாங்கினேன். டப்பாவின் முன்பக்கம் "இயற்கையான டிஎச்டி தடுப்பான்" என்று பெரிதாக. பின்பக்கம் சின்ன எழுத்தில் "ப்ராஸ்டேட் நலனுக்கு". ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் ப்ராஸ்டேட். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பின்பக்கத்தைப் படித்துவிட்டார். டப்பாவை அவரிடமே விட்டுவிட்டு எனக்கு வேறு வாங்கிக்கொண்டேன். இப்போது இரண்டு பேரும் தினமும் இரண்டு சாப்பிடுகிறோம்.

தலைமுடிக்கும் மூத்திரத்துக்கும் ஒரே மருந்து எப்படி? உண்மையிலேயே வேலை செய்யுமா? இதை நம்பி அப்பா டாக்டரைத் தள்ளிப்போடுகிறாரே என்பதுதான் என் பெரிய பயம்.

#2 கண்ணாடிக்குடுவை

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருக்கும் பயம் சரியான பயம். அதை விட்டுவிடாதீர்கள். நான் பார்மசி கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவள். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

ஆண் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தயாரிக்கிறது. ஒரு கடுகின் எடை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் அதில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. ஏறக்குறைய 2 சதவீதம்தான் தனியாக அலைகிறது. செல்லுக்குள் நுழைந்தபின் அது அப்படியே வேலை செய்யலாம். இல்லையென்றால் இரண்டு என்சைம்களில் (உடலின் வேதி மாற்றங்களை நடத்தும் புரதங்கள்) ஒன்றின் கையில் மாட்டும்.

ஒன்று 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. அங்கே இரண்டு ஹைட்ரஜனைச் சேர்த்து அதை ஒற்றைப் பிணைப்பாக்கிவிடும். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் வெளியே வருவது டிஎச்டி, அதாவது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். இரண்டும் போய் உட்காருவது ஒரே ஏற்பியில்தான், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில். டிஎச்டி மட்டும் இன்னும் இறுக்கமாக, இன்னும் நீண்ட நேரம் உட்காரும். அதனால் கொஞ்சம் இருந்தாலே வேலை பெரிது. உடலின் டெஸ்டோஸ்டிரோனில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் இப்படி மாறுகிறது.

இன்னொன்று அரோமடேஸ். இது ஒரு கார்பனையே கழற்றிவிட்டு வளையத்தை மாற்றி எஸ்ட்ரடையோல் ஆக்கிவிடும். பெண் ஹார்மோன், எஸ்ட்ரோஜன் என்று நாம் சொல்வது அதைத்தான். டிஎச்டி ஆகிவிட்ட பிறகு அந்தப் பக்கம் போக வழி கிடையாது.

இப்போது உங்கள் கேள்வி. 5-ஆல்ஃபா ரிடக்டேஸில் வகைகள் உண்டு. இரண்டாம் வகை ப்ராஸ்டேட்டிலும் தலைமுடியின் வேரிலும் இருக்கிறது. முதல் வகை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் கல்லீரலிலும் அதிகம். உங்கள் நெற்றி ஓரத்தில் முடி வேரைச் சுருங்க வைப்பதும், உங்கள் அப்பாவின் சுரப்பியை வளர வைப்பதும் அதே இரண்டாம் வகைதான். உடலில் இரண்டும் தூரம் தூரமாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வேலை. டப்பாவில் முன்னும் பின்னும் எழுதியிருப்பதன் காரணம் இதுதான்.

#3 வெற்றிலைக்கொடி

நன்றி மேடம். ஆனால் ஒரு சந்தேகம். டிஎச்டி முடியைக் கொல்லும் என்றால் தாடி மட்டும் ஏன் நன்றாக வளர்கிறது? எனக்கு இரண்டு நாள் ஷேவ் செய்யாவிட்டால் முகம் முழுக்கக் கறுத்துவிடும்.

#4 கண்ணாடிக்குடுவை

நல்ல கேள்வி, என் மாணவர்கள் வருடம் தவறாமல் கேட்பது. ஹார்மோன் ஒன்றுதான், கேட்டுக்கொள்ளும் வேர்தான் வேறு. தாடி வேர் டிஎச்டி வந்தால் தடிமனாகும். முன்தலை வேர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுத்து, கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடும். பிடரியில் இருக்கும் வேர் கண்டுகொள்ளவே செய்யாது. முடி மாற்று சிகிச்சையில் பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடுவது அதனால்தான். எந்த வேர் எப்படிக் கேட்கும் என்பது பரம்பரையில் வருவது. 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இதைக் காட்டிவிட்டார். பருவத்துக்கு முன்பே விதைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்குத்தான் முடி கொட்டியது.

மருந்து பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் பிற்பாடு எது சொன்னாலும் அதற்கு அடித்தளம் அதுதான். டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்ற கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடைந்து, தசை ஏறி, உறுப்பு வளர்ந்து ஆணாக மாறினார்கள். ஊரார் வைத்த பெயருக்கே பன்னிரண்டில் ஆணுறுப்பு வருபவர் என்றுதான் அர்த்தம். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து 1974-ல் எழுதினார். அந்தக் குழந்தைகளிடம் டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ்தான் வேலை செய்யவில்லை. கருவில் ஆணுறுப்பை வெளியே உருவாக்குவது டிஎச்டி. அது இல்லாததால் பிறக்கும்போது அப்படி. பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாக வரும்போது அதுவே மற்றதைச் செய்து முடித்துவிடுகிறது.

அந்த ஆண்கள் பெரியவர்களான பிறகும் ப்ராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. தாடி குறைவு. வழுக்கை இல்லவே இல்லை. இதைப் படித்த மெர்க் மருந்து நிறுவனம், பெரியவர்களிடம் இந்த என்சைமை மட்டும் அடைத்தால் என்ன என்று யோசித்துக் கொண்டுவந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி., 1997-ல் வழுக்கைக்கு 1 மி.கி. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்த டிஎச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் இறக்கும்.

மூலிகை டப்பாக்கள் எல்லாம் இந்த மருந்துக்கு மாற்று என்று சொல்லித்தான் விற்கின்றன.

#5 நெருஞ்சிப்பூ

அருமையாகச் சொன்னீர்கள் மேடம். நான் மூலிகைப் பக்கம் நிற்பவன். என் தாத்தா ஊரில் வைத்தியம் பார்த்தவர். அதனால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: மாத்திரையாக வந்தால் நம்புவோம், செடியாக வந்தால் சந்தேகப்படுவோம் என்பது நியாயமா? ஃபினாஸ்டரைடுக்கு முன்பே ஐரோப்பாவில் சா பால்மெட்டோவை ப்ராஸ்டேட்டுக்குக் கொடுத்திருக்கிறார்களே.

#6 கண்ணாடிக்குடுவை

நியாயமில்லை ஐயா. நாம் தினம் விழுங்கும் எத்தனையோ மருந்து செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தராசைத்தான் வைக்க வேண்டும். சா பால்மெட்டோவை அந்தத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

அது ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கம் மணல் காட்டில் வளரும் குட்டைப் பனை. மட்டையில் ரம்பம் மாதிரி முள் இருக்கும். அதன் கருத்த பழத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்ச் சாறுதான் கேப்ஸ்யூல். சோதனைக் குழாயில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸோடு கலந்தால் என்சைம் மந்தமாவது உண்மை. அதில் யாருக்கும் சண்டை இல்லை.

மனிதர்களிடம் என்ன நடந்தது? 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 225 ஆண்கள். ஒரு வருடம், தினம் 160 மி.கி. இரண்டு வேளை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. அளவு போதவில்லையோ என்று சந்தேகம் வந்தது. சரி என்று 2011-ல் 369 பேருக்குப் படிப்படியாக மூன்று மடங்குவரை ஏற்றி, 72 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அதே முடிவு. போலி மாத்திரைக் கூட்டத்துக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் கவனியுங்கள். மூத்திரத் தொந்தரவு தானாகக் கூடும், தானாகக் குறையும். குறைந்த மாதத்தில் எது சாப்பிட்டோமோ அதற்குப் புகழ் போய்விடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

குழாயில் வேலை செய்வது உடம்பில் ஏன் செய்யவில்லை? பச்சைத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கேட்டச்சின் என்ற பொருள், பிரித்தெடுத்த என்சைமை நன்றாக அடைக்கிறது. ஆனால் என்சைம் இருப்பது செல்லுக்குள். முழு செல்லோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது கேட்டச்சினின் ஆட்டம் நின்றுவிட்டது. உள்ளே போகவே முடியவில்லை. குடல், கல்லீரல், இரத்தம், செல் சுவர் என்று இத்தனை வாசலைத் தாண்டி, தேவையான அளவு மிஞ்சினால்தான் மருந்து. நான் வகுப்பில் இந்த ஒன்றைச் சொல்லப் பாதி பீரியட் எடுத்துக்கொள்வேன்.

முடிக்குச் சா பால்மெட்டோ என்று வந்திருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள். பூசணி விதை எண்ணெய் என்று 2014-ல் கொரியாவில் 76 ஆண்களிடம் செய்தது கொஞ்சம் நம்பிக்கை தந்தது. ஆனால் அந்த கேப்ஸ்யூலில் வேறு பொருட்களும் கலந்திருந்தன. எதனால் முடி கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூசணி விதையை வறுத்துத் தின்பதில் கெடுதல் ஒன்றுமில்லை, தாராளமாகத் தின்னுங்கள்.

#7 ஆனைக்கோட்டை

தம்பி வெற்றிலைக்கொடி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் சிறுநீரகவியல் வார்டில் நர்ஸ். முடிக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. அப்பாவின் கதைதான் அவசரம்.

இரவில் நாலு ஐந்து முறை எழும்புவது எல்லாம் ப்ராஸ்டேட் இல்லை. முதலில் சுகர் பாருங்கோ. எத்தனையோ பேர் வருடக்கணக்காக ப்ராஸ்டேட் என்று நினைத்திருந்து, கடைசியில் சுகர் கூடினதுதான் காரணம் என்று வந்திருக்கினம். யூரின் டெஸ்ட், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், டாக்டரோடு கதைத்துவிட்டு பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் விடும் புரதத்தை அளக்கும் ரத்த டெஸ்ட்). அதோடு ஸ்கான்: ஒன்றுக்குப் போன பிறகு மூத்திரப் பையில் எவ்வளவு மிச்சம் நிற்குது என்றும் அளக்கச் சொல்லுங்கோ. மிச்சம் நிறைய நின்றால் சிறுநீரகத்தையே கெடுக்கும், வலி இல்லாமலே கெடுக்கும்.

யூரினில் ரத்தம், எலும்பு வலி, காரணமில்லாமல் மெலிவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு வீங்கினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இன்னொன்று: சளி, தும்மலுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை சிலது, ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு முழுசாக அடைத்துவிடும். அப்படி ராத்திரியில் வந்து டியூப் போட்ட ஆட்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லி வையுங்கோ.

ஃபினாஸ்டரைடு தொடங்கினால் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் பிஎஸ்ஏ ஏறக்குறையப் பாதியாகும். சுரப்பி சுருங்குவதால் எண் குறையுது, புற்றுநோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. டாக்டர் அதை இரண்டால் பெருக்கித்தான் பார்ப்பார், ஆனால் நீங்கள் சாப்பிடுவது அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும். முடிக்குச் சாப்பிடும் 1 மி.கி.க்கும் இதே கணக்குத்தான்.

#8 மஞ்சள்முகம்

பெண்கள் இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு பிசிஓஎஸ், ஆண் ஹார்மோன் கூடும் கருப்பைச் சினைப்பைப் பிரச்சினை. தாடையில் முடி. வாரம் இரண்டு தடவை திரெடிங் செய்துகொண்டு ஆபீஸ் போவது எவ்வளவு வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, அதிமதுரப் பொடி வாங்கினேன். காலை மாலை ஒரு டீஸ்பூன் வெந்நீரில். இனிப்பாக இருக்கும், குடிக்கச் சுகமாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் செருப்பு வார் காலில் பதிய ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி நின்றது. தலைவலி. பிரஷர் பார்த்தால் 160/100. எனக்கு 33 வயது, எங்கள் வீட்டில் யாருக்கும் பிரஷர் கிடையாது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. என்னென்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டபோது பொடியைச் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை, அது மருந்து என்று நினைத்தால்தானே! அம்மா கூட வந்திருந்ததால் சொன்னார். நிறுத்தினேன். சில வாரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது.

அது ஏன் அப்படி ஆனது என்று யாராவது சொல்ல முடியுமா? அப்புறம் புதினா டீ பற்றியும்.

#9 கண்ணாடிக்குடுவை

நீங்கள் எழுதியது நல்லதாயிற்று அம்மா. இந்த என்சைம்கள் ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை. உங்கள் தாடையில் முடியைத் தடிமனாக்குவதும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ்தான்.

மூலிகை உண்மையிலேயே ஒரு என்சைமை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கணுக்கால்தான் சாட்சி. அதிமதுரத்தின் இனிப்பு கிளிசரைசின். நம் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏராளமாக ஓடுகிறது. அது சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பியிலும் உட்காரக்கூடியது. உட்கார்ந்துவிடாமல் அதை வாசலிலேயே செயலிழக்கச் செய்ய அங்கே ஒரு என்சைம் காவலுக்கு நிற்கிறது. கிளிசரைசின் அந்தக் காவலை அடித்துப்போட்டுவிடும். உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். வீக்கம், பிரஷர், தலைவலி எல்லாம் அதன் வரிசை. பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில், 1999-ல் இத்தாலியில் 7 ஆண்களுக்குத் தினம் 7 கிராம் அதிமதுரம் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இறங்கியது. டெஸ்டோஸ்டிரோனை உற்பத்தி செய்யும் என்சைம் ஒன்றை அது தடுக்கிறது. பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்த அளவுக்கு இறக்கம் கிடைக்கவில்லை. தொண்டைக்கு ஒரு துண்டு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வது வேறு. மாதக்கணக்கில் ஸ்பூன் ஸ்பூனாகக் குடிப்பது வேறு.

ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகை டீ ஓரளவு நல்ல செய்தி. 2007-ல் துருக்கியில் 21 பெண்கள் ஐந்து நாள் தினம் இரண்டு கப் குடித்ததில் தனித்து அலையும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. 2010-ல் இங்கிலாந்தில் பிசிஓஎஸ் உள்ள நாற்பது சொச்சம் பெண்கள் ஒரு மாதம் குடித்ததிலும் குறைந்தது. ஆனால் முடியை அளந்து பார்த்தபோது மாற்றம் தெரியவில்லை. வளர்ந்துவிட்ட முடி வேர் ஒரு மாதத்தில் மனதை மாற்றிக்கொள்ளாது. நம் சந்தைப் புதினா அதற்கு நெருங்கிய சொந்தம்தான். குடியுங்கள், கெடுதலில்லை. ஆனால் டாக்டர் கொடுக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

#10 மஞ்சள்முகம்

அந்தக் காவல்காரனைப் பற்றிப் படித்தபோது அழுகையே வந்துவிட்டது. என் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி அக்கா.

#11 இரும்புத்தோள்

ஜிம் ட்ரெய்னராக இருக்கிறேன். பையன்கள் தினமும் என்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, எஸ்ட்ரோஜன் பிளாக்கர். இன்னொன்று, டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர். பூஸ்டர் டப்பாக்களில் பெரும்பாலும் நெருஞ்சில், வெந்தயம், அஸ்வகந்தா. ஒரு பையன் எங்கிருந்தோ அனஸ்ட்ரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு மாதத்தில் முட்டி மடக்க முடியவில்லை என்று வந்து நின்றான். 22 வயது. நான் என்ன சொல்லித் தடுப்பது?

#12 கண்ணாடிக்குடுவை

அனஸ்ட்ரசோல் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுக்கும் அரோமடேஸ் தடுப்பான். மூட்டு வலி அதன் பிரபலமான பக்கவிளைவு.

பையன்களிடம் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 1994-ல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடவே இல்லை, எலும்பு மட்டும் வயதானவருடையதைப் போல மெலிந்திருந்தது. அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனும் இருந்தது, எஸ்ட்ரோஜனும் இருந்தது. எஸ்ட்ரோஜனைக் கேட்கும் ஏற்பிதான் பழுது. அடுத்த வருடம், அரோமடேஸே இல்லாத ஓர் ஆணைப் பற்றிய அறிக்கையும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொன்னது. ஆணின் எலும்பு முற்றுவதற்கே எஸ்ட்ரோஜன் வேண்டும். அதைத் துப்புரவாக அழிப்பது ஆண்மையை ஏற்றுவதில்லை, எலும்பைத்தான் இளைக்க வைக்கும்.

அரோமடேஸ் கொழுப்புத் திசுவில் நிறைய உண்டு. தொப்பை இருக்கும் பையனுக்கு அந்த மாற்றம் அதிகம் நடக்கிறது என்றால், தொப்பையைக் குறைப்பதுதான் அவனுக்கு மருந்து. அதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

#13 நெருஞ்சிப்பூ

நெருஞ்சிலைப் பற்றி நான்தான் பேச வேண்டும், பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் தாத்தாவோடு ஏரிக்கரைக்குப் போய் நெருஞ்சில் பறித்திருக்கிறேன். கோடையில் மற்ற செடி எல்லாம் காய்ந்த பிறகும் தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ பூத்திருக்கும். காயைச் செருப்பில்லாமல் மிதித்தால் உயிர் போய்விடும். வேரோடு பிடுங்கி வந்து, அலசி, நிழலில் காயவைத்துக் கஷாயத்துக்கு வைப்பார். அதை யாருக்குக் கொடுத்தார்? நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு என்று வந்தவர்களுக்கு. தசை ஏறுவதற்காக என்று கேட்டு யாரும் எங்கள் திண்ணைக்கு வந்ததில்லை. ஆண்மைக்குறைவு லேகியத்திலும் சேரும், அதை மறைக்கவில்லை. ஆனால் பத்துப் பொருளில் ஒன்றாகச் சேரும்.

யானை நெருஞ்சில் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் பச்சைக் கொத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி எடுத்தால், தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். தாத்தா அதை எனக்குச் செய்து காட்டிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு செடி, வேறு குடும்பம். பொடியாக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

டெஸ்டோஸ்டிரோன் ஏற்றும் என்ற பேச்சு நம் ஊரில் பிறந்தது இல்லை. பல்கேரியாவில் இதிலிருந்து மாத்திரை செய்தார்கள், அங்கே பளு தூக்கும் வீரர்கள் சாப்பிட்டதாகப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அதே பல்கேரியாவில் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்து அளந்து 2005-ல் வெளியிட்டார்கள், டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. நான் மூலிகைக்காரன், ஆனாலும் இதைச் சொல்லியே தீருவேன். தாத்தா சொல்லாத குணத்தை அவர் செடியின் மேல் ஒட்டி விற்பது எனக்கு வலிக்கிறது.

வெந்தயத்தில் வந்த ஆய்வுகள் பலவும் அந்தச் சாற்றை விற்பவர்களே பணம் போட்டுச் செய்தவை. சர்க்கரையைக் குறைக்கும், அதனால் சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனம். அஸ்வகந்தா என்கிற அமுக்கராவுக்குச் சின்ன ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறியது உண்மை. ஆனால் பாலில் வேகவைத்த கிழங்குப் பொடி வேறு, இப்போது வரும் செறிவூட்டிய கேப்ஸ்யூல் வேறு. மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் உண்டு. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

#14 சிவப்புமூடிக்குழாய்

லேப் டெக்னீசியன். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் முடி கொட்டுபவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள்.

முடிக்கு என்று சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு நாள் தேவை சுமார் 30. பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்கவே பயோட்டினைப் பசை மாதிரி பயன்படுத்துகின்றன. உங்கள் இரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் கணக்கு தப்பிவிடும். டெஸ்டோஸ்டிரோன் உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியலாம், தைராய்டு தப்பாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. போன வருடம் ஒரு பையன் ரிப்போர்ட்டைப் பார்த்து, பூஸ்டர் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டான். பயோட்டினை நிறுத்திவிட்டு மறுவாரம் எடுத்தபோது சாதாரண அளவுதான்.

இரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் வாருங்கள். சாயங்காலம் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும்.

#15 வெற்றிலைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

லண்டன் அக்கா எழுதியதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வலி இல்லாமலே சிறுநீரகம் கெடும் என்ற வரியில் பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் அவரே சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சுகர் இருக்கிறது. வெறும் வயிற்றில் 190. இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. ப்ராஸ்டேட்டும் வீங்கியிருக்கிறது, ஒன்றுக்குப் போன பிறகும் பையில் 120 மி.லி. நிற்கிறது. பிஎஸ்ஏ பயப்படும் அளவில் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். இப்போதைக்குத் தசையைத் தளர்த்தும் மாத்திரை ஒன்று, ராத்திரி. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்து எழுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். சா பால்மெட்டோ டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டினோம்.

எனக்கு ஃபினாஸ்டரைடு ஆரம்பிக்கலாமா என்று தோல் டாக்டர் கேட்டார். யோசிக்கிறேன். மனைவிக்கு இது நாலாவது மாதம்.

#16 கண்ணாடிக்குடுவை

வாழ்த்துகள் தம்பி. சலினாஸ் கதை ஞாபகமிருக்கிறதா? ஆண் குழந்தையின் உறுப்பை வெளியே உருவாக்குவது டிஎச்டி, அது நடப்பது கர்ப்பத்தின் முதல் சில மாதங்களில். அதனால்தான் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணி கையால் தொடக்கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். பூச்சு போட்ட முழு மாத்திரையால் ஆபத்தில்லை. ஆனால் 5 மி.கி. மாத்திரையை வாங்கி நாலாக வெட்டிச் சாப்பிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அந்தத் தூள் வீட்டில் சிந்தக்கூடாது. ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவர் நிறுத்தி ஒரு மாதம் வரை இரத்ததானமும் செய்யக்கூடாது, காரணம் இதேதான்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். சாப்பிடும்வரைதான் பலன், நிறுத்தினால் முடி பழையபடி போகும். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும். அதோடு மனச்சோர்வு வந்தவர்கள் உண்டு. தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

#17 வெற்றிலைக்கொடி

குழந்தை பிறக்கட்டும், அதுவரை ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முடி போனால் போகிறது. கேப்ஸ்யூலையும் நிறுத்தியாயிற்று.

அம்மா இன்று காலை போன் செய்தார். ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் இரண்டு தடவைதான் கேட்டதாம்.

#18 ஆனைக்கோட்டை

சந்தோஷம் தம்பி. பிஎஸ்ஏ ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கோ, ஆறு மாதத்தில் அதே லேபில் எடுப்பியுங்கோ. சுகருக்குக் கண்ணையும் காலையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கோ, அப்பா அதைத் தள்ளிப்போடுவார்.